தங்கவயல் லைன்ல குடியேறப் போறீங்களா? வீடு பாக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

பெங்களூர்ல வாடகை கட்டி மாளல, நம்ம பாட்டன் பூட்டன் ஊரான கோலார் தங்கவயலுக்கே போயிடலாமான்னு கேக்கறவங்க இப்ப நிறைய பேர். ரிட்டயர் ஆனவங்க கேக்கறாங்க, வீட்ல இருந்தே வேலை பாக்கற பசங்க கேக்கறாங்க, எங்க அப்பா மைன்ஸ்ல இருந்தவரு அந்த ஊர்ல ஒரு சின்ன வீடு வாங்கிப் போட்டா என்னன்னு சென்னைல இருந்து கூட கேக்கறாங்க. நான் சாம்பியன் ரீஃப்ல லைன் வீட்ல, அதாவது மைன்ஸ் ஆளுங்களுக்கு கம்பெனி வரிசையா கட்டின வீட்ல, பொறந்து வளந்தவன், மைன்ஸ் மூடினதும் பெங்களூர் போயி பதினஞ்சு வருஷத்துக்கு மேல அங்க இருந்துட்டு மறுபடி இங்கயே வந்து குடியேறினவன், அதனால நான் வந்தப்ப யாராவது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்குமேன்னு நினைச்சதையெல்லாம் இங்க எழுதறேன். கோலார் தங்கவயல்ல ராபர்ட்சன்பேட்டை ஒரு மாதிரி, அது டவுன், எல்லாம் கிடைக்கும். நான் சொல்றது மைன்ஸ் பக்கம், அதாவது மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், ஊர்காம், கோரமண்டல் பக்கம் இருக்கற லைன்களைப் பத்தி, டவுன்ல இருந்து ஆட்டோல ஏறினா கொஞ்ச நேரம்தான் ஆனா வாழ்க்கை வேற.

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும், மத்ததெல்லாம் இதுல இருந்துதான் வரும். இந்த ஊரு தானா வளந்த ஊரு இல்ல, கம்பெனி கட்டின ஊரு. 1880ல ஜான் டெய்லர் கம்பெனி வந்து தோண்ட ஆரம்பிச்சதுல இருந்து 2001 பிப்ரவரி 28ந் தேதி மத்திய அரசோட பாரத் கோல்ட் மைன்ஸ் மூடற வரைக்கும் வீடு கம்பெனி வீடு, தண்ணி கம்பெனி தண்ணி, கரண்ட் கம்பெனி கரண்ட், ஆஸ்பத்திரி கம்பெனி ஆஸ்பத்திரி. பெங்களூருக்கே கரண்ட் வர்றதுக்கு முன்னாடி 1902லயே சிவனசமுத்திரத்துல இருந்து கம்பி இழுத்து இங்க கரண்ட் கொண்டு வந்துட்டாங்க, கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் தூரம், அந்தக் காலத்துல அது எவ்ளோ பெரிய காரியம்னு யோசிச்சுப் பாருங்க. நூத்தி இருபது வருஷத்துல 800 டன் அளவுக்கு தங்கம் எடுத்துக் குடுத்த ஊரு இது. கம்பெனி போன அன்னைக்கு ஒண்ணும் உடனே நிக்கல, ஆனா ஒவ்வொண்ணா கை மாறிடுச்சு, சிலது முனிசிபாலிட்டி கைக்கு, சிலது மாநில அரசு கைக்கு, சிலது யார் கைக்கும் போகாம அப்படியே நிக்குது. அதனால இங்க எதைப் பாத்தாலும் குழாயோ, தெருவிளக்கோ, ரோடோ, சாக்கடையோ, வீட்டோட சுவரோ, நீங்க கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: இது இப்ப யாரோடது? ரிப்பேர் ஆனா யார்கிட்ட போய் நிக்கணும்? இதுக்கு பதில் தெரிஞ்ச வீட்ல நிம்மதியா இருக்கலாம்.

வீட்டுல இருந்து ஆரம்பிக்கறேன். லைன் வீடுன்னா வரிசையா ஒட்டி ஒட்டி இருக்கும், ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவரு, முன்னாடி ஒரு ரூம், பின்னாடி சமையல்கட்டு, அவ்ளோதான், குனிஞ்சுதான் உள்ள போகணும். வெள்ளைக்காரங்க காலத்துல மூங்கில் தட்டியில கட்டி தட்டி வீடுன்னே பேரு இருந்துச்சு, அப்புறம்தான் சுவரு, சீட்டு, ஓடுன்னு வந்தது. இப்ப நிறைய பேரு முன்னாடி இழுத்து பின்னாடி இழுத்து கான்க்ரீட் போட்டு பெருசாக்கிட்டாங்க, பாக்க நல்லா இருக்கும், ஆனா இங்கதான் நீங்க உஷாரா இருக்கணும். கம்பெனி குவார்ட்டர்ஸா இருந்த வீட்டுக்கு வீடும் நிலமும் யார் பேர்ல இருக்குன்னு கையில பேப்பர் பாக்காம ஒரு ரூபா அட்வான்ஸ் குடுக்காதீங்க. அம்பது வருஷமா இங்கதான் இருக்கோம், எங்க அப்பா ஸ்கீம்ல வாங்கினது, நோட்டரி பேப்பர் இருக்கு, கரண்ட் பில் எங்க பேர்ல வருதுன்னு சொல்வாங்க, அவங்க பொய் சொல்றதில்ல, உண்மையாவே அவங்க அங்கதான் இருக்காங்க, ஆனா இருக்கறது வேற பட்டா வேற. கரண்ட் பில்லும் ரேஷன் கார்டும் நீங்க அங்க குடியிருக்கீங்கங்கறதுக்குத்தான் சாட்சி, சொத்துக்கு இல்ல.

வாங்கறதா இருந்தா சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் ரெக்கார்டுல அந்த சொத்துக்கு வில்லங்கச் சான்று எடுங்க, கர்நாடகாவுல காவேரி போர்ட்டல்லயே எடுக்கலாம், முனிசிபாலிட்டில இ-காத்தா, அதாவது சொத்து யார் பேர்ல இருக்குங்கற கம்ப்யூட்டர் பதிவு, இருக்கான்னு பாருங்க, இப்பல்லாம் இ-காத்தா இல்லாம ரிஜிஸ்ட்ரேஷனுக்கே போக முடியாது. இந்த ரெண்டும் இல்லன்னா அந்த வீட்டை வாங்காதீங்க, வாடகைக்கோ போக்கியத்துக்கோ போங்க. போக்கியம்னாலும் குடுக்கற காசு நீங்க இழந்தாலும் தாங்கற அளவுக்குள்ள இருக்கட்டும், ஏன்னா வீட்டுக்காரருக்கே பட்டா இல்லாதப்ப உங்க போக்கியப் பேப்பருக்கு எவ்ளோ பலம் இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. நான் என்ன செஞ்சேன்னா முதல் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்தேன், அப்புறம்தான் கம்பெனி நிலம் அல்லாத பக்கம் ஒரு சின்ன இடம் பாத்து வாங்கினேன், அவசரப்படாம இருந்தது எவ்ளோ நல்லதுன்னு இப்பவும் நினைச்சுக்குவேன்.

அடுத்தது சுவரு. கீழ என்ன இருக்குன்னு நினைச்சுக்கோங்க, சாம்பியன் ரீஃப் சுரங்கம் மட்டுமே மூணு கிலோமீட்டருக்கு மேல ஆழம், உலகத்துலயே ஆழமான சுரங்கங்கள்ல ஒண்ணா இருந்தது. 1965ல காத்து மண்டலத்துல உண்டாகற நியூட்ரினோங்கற ரொம்பச் சின்ன துகளை நம்ம ஊரு பூமிக்கு அடியில வெச்சுப் பிடிச்சாங்க, டாட்டா ஆராய்ச்சி நிலையத்து ஆளுங்களும் ஜப்பான்காரங்களும் இங்கிலாந்துக்காரங்களும் சேந்து, அவ்ளோ ஆழம் வேற எங்கயும் சுலபமா கிடைக்கலன்னுதான் இங்க வந்தாங்க. அவ்ளோ ஆழத்துல பாறைக்கு மேல இருக்கற அழுத்தம் தாங்காம படார்னு வெடிக்கும், அதுக்கு ராக் பர்ஸ்ட்னு பேரு, பெரியவங்க ஏர் பிளாஸ்ட்னும் சொல்வாங்க. சின்ன வயசுல ராத்திரி தூங்கிட்டு இருக்கும்போது அலமாரில இருக்கற சில்வர் டம்ளரெல்லாம் கிணுகிணுன்னு ஆடும், அம்மா எழுந்து உக்காந்துக்கும், நைனா, அதான் எங்க அப்பா, நைட் ஷிப்ட்ல கீழ இருந்தாருன்னா விடியற வரைக்கும் யாரும் படுக்க மாட்டோம். மைன்ஸ் மூடினதும் பம்பை நிறுத்திட்டாங்க, கீழ தண்ணி ஏறிடுச்சு, அதுக்கு அப்புறமும் அதிர்வு சுத்தமா நின்னுடல. பயப்படற அளவுக்கு இல்ல, ஆனா வீடு பாக்கும்போது கணக்குல வெச்சுக்கணும்.

எப்படிப் பாக்கறதுன்னா வெள்ளையடிச்ச வீட்டைப் பாத்து ஏமாறாதீங்க. கதவு நிலை, ஜன்னல் நிலை, இதோட மூலையில இருந்து சாய்வா கோணலா மேல போற விரிசல் இருக்கான்னு பாருங்க, பூச்சுல வர்ற முடி மாதிரி மெல்லிசு விரிசலுக்கு கவலை வேணாம், ஒரு ஒத்த ரூபா காயின் விளிம்பு உள்ள போற விரிசல்னா கேள்வி கேக்கணும். கதவைத் திறந்து விட்டா அதுவா சாத்திக்குதா, தரையில கோலி உருட்டினா ஒரே பக்கம் ஓடுதா, இதெல்லாம் பாருங்க. வாடகைக்குப் போன வீட்ல விரிசல் இருந்தா நான் செய்யறது இதுதான், ஒரு துண்டு பேப்பரை விரிசலுக்குக் குறுக்கா ரெண்டு பக்கமும் பசை போட்டு ஒட்டிட்டு அதுமேலயே தேதி எழுதி வெச்சுடுவேன். ஒரு மழைக்காலம் போனதும் பாப்பேன், பேப்பர் கிழியாம அப்படியே இருந்தா அது பழைய விரிசல், சுவரு அப்பவே உக்காந்துடுச்சு. கிழிஞ்சிருந்தா சுவரு இன்னும் நகருதுன்னு அர்த்தம், அந்த வீடு வேணாம். நான் இருந்த முதல் வீட்ல ரெண்டு பேப்பர் ஒட்டினேன், சமையல்கட்டு பேப்பர் முழுசா இருந்தது, முன் ரூம் பேப்பர் நடுவுல நேரா பிளேடு வெச்ச மாதிரி கிழிஞ்சிருந்தது, அடுத்த மாசமே காலி பண்ணிட்டேன்.

பழைய சாஃப்ட், அதாவது சுரங்கத்துக்குள்ள இறங்கற குழி, அது பக்கத்துல வீடு பாக்காதீங்க. கிஃபோர்ட் சாஃப்ட் மாதிரி பெரியதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், தூரத்துல இருந்தே இரும்புச் சட்டம் நிக்கறது தெரியும். சின்னச் சின்னதா முள்ளுப் பொதருக்குள்ள மூடியும் மூடாமலும் இருக்கறதுதான் பிரச்சனை, வெள்ளைக்காரங்களுக்கும் முன்னாடியே தோண்டின பள்ளங்கள் எல்லாம் இங்க உண்டு. லைன்ல இருக்கற வயசானவங்க கிட்ட கேட்டா இந்தப் பக்கம் போகாத அந்தப் பக்கம் போகாதன்னு விரலை நீட்டிக் காட்டுவாங்க, அதைக் கேட்டுட்டு உங்க பசங்களையும் கூட்டிட்டுப் போய் தூரத்துல இருந்தே காட்டி வெச்சுடுங்க. பழைய இரும்பு, கேபிள் எடுக்கலாம்னு உள்ள இறங்கினவங்க மூச்சு திணறி செத்துப்போயிருக்காங்க, உள்ள நல்ல காத்து கிடையாது, டார்ச் அடிச்சா தரை தெரியற மாதிரி இருக்கும், ஆனா காத்து இருக்காது. வீடியோ எடுக்கறேன்னு வர்ற சொந்தக்காரப் பசங்க கிட்டயும் இதைக் கண்டிப்பா சொல்லிடுங்க.

இப்ப சைனைடு மேடு. புதுசா வர்றவங்க எல்லாருக்கும் இதான் பெரிய பயம், நியாயமான பயம்தான், ஆனா எதுக்கு பயப்படணும்னு சரியா தெரிஞ்சுக்கணும். பாறையை மாவு மாதிரி அரைச்சு சைனைடு கலந்த தண்ணில தங்கத்தைக் கரைச்சு எடுத்துட்டு மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி வந்ததுதான் அந்த மேடு, கடைசி காலத்துல ஒரு டன் பாறைக்கு சில கிராம்தான் தங்கம் கிடைச்சுது, மிச்சம் பூரா இங்கதான் கிடக்கு. ஊரைச் சுத்தி இப்படி 13 மேடு, எல்லாம் சேத்து மூணு கோடி டன்னுக்கு மேல மண்ணு. சைனைடு வெயில்ல காத்துல நாளாக நாளாக பெரும்பாலும் சிதைஞ்சு போயிடும், இப்ப நம்மள தினம் தொல்லை பண்றது அது இல்ல. அந்த மண்ணு பவுடர் மாதிரி இருக்கு பாருங்க, அதுல இருக்கற சிலிக்கா தூசி நெஞ்சுக்குள்ள போறதும், மழையில கரைஞ்சு ஓடி வயலுக்கும் கிணத்துக்கும் போறதும், இது ரெண்டும்தான் பாக்க வேண்டியது. கீழ வேலை செஞ்சு சிலிக்கோசிஸ்ங்கற நுரையீரல் நோய் வந்து இருமி இருமி போன ஆளுங்களை எங்க லைன்ல வீட்டுக்கு வீடு பாத்திருக்கேன், எங்க நைனாவும் அப்படித்தான் போனாரு, அதனால தூசி விஷயத்துல நான் கொஞ்சம் அதிகமா பேசுவேன், பொறுத்துக்கோங்க.

வீடு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆடி மாசத்துல வந்து பாருங்க. அப்பதான் காத்து சரியான வேகத்துல அடிக்கும், அப்பதான் மேடு எந்தப் பக்கம் பறக்குதுன்னு கண்ணால பாக்க முடியும். வீட்டுக்காரங்க கிட்ட கேட்டுட்டு ஒரு கருப்புத் துணியை, பழைய கொடைத் துணி இருந்தா ரொம்ப நல்லது, நனைச்சுப் பிழிஞ்சு கொடில போட்டுட்டு சாயங்காலம் எடுத்துப் பாருங்க. வெள்ளையா விபூதி பூசின மாதிரி படிஞ்சிருந்தா அந்த வீடு காத்து விழற பக்கம் இருக்கு. மேட்டுக்கு கிழக்க இருக்கற வீடுகளுக்குத்தான் ஆடிக் காத்துல தூசி அதிகம் விழும், ஏன்னா அப்ப காத்து மேக்க இருந்து வரும். ஒரே தெருவுல கூட ஒரு வரிசை மரம் மறைச்சா வித்தியாசம் தெரியும். குழந்தைக்கு வீசிங் இருக்கு, பெரியவங்களுக்கு ஆஸ்துமா இருக்குன்னா மேடு கண்ணுக்குத் தெரியற வீடே வேணாம், மேடு தெரியாத பக்கமா பாருங்க. குடியிருக்கறவங்க அந்த மாசங்கள்ல தண்ணிக் குடத்தை மூடி வெக்கணும், பெருக்கறதுக்கு முன்னாடி தண்ணி தெளிக்கணும் இல்லன்னா ஈரத்துணி போட்டுத் துடைக்கணும், அரிசி பருப்பு டப்பா எல்லாம் மூடி இறுக்கமா இருக்கணும். பசங்க மேட்டு மேல சறுக்கி விளையாடப் போவாங்க, சின்ன வயசுல நாங்களும் போனோம்னு சொல்லி விட்டுடாதீங்க, அப்ப எங்களுக்கு சொல்ல ஆளில்ல. அந்த மண்ணை வீட்டுக்கு பூச்சு வேலைக்கு எடுத்துட்டு வர்றதும் வேணாம்.

தண்ணி. அந்தக் காலத்துல பாலாத்துத் தண்ணி பேத்தமங்கலம் ஏரில இருந்து பைப்புல வந்தது, ஊரு பூரா அந்தத் தண்ணி குடிச்சு வளந்தவங்க. இப்ப நிலைமை தெருவுக்குத் தெரு வேற வேற, சில இடத்துல முனிசிபாலிட்டி குழா, சில இடத்துல போர் தண்ணி, சில இடத்துல டேங்கர். கோலார் ஜில்லா முழுக்கவே வத்தாத ஆறு கிடையாது, போர் போட்டா ஆயிரம் அடிக்கு மேல போகணும், அவ்ளோ ஆழத்துத் தண்ணில ஃப்ளோரைடும் அதிகம். அதனால குடிக்க போர் தண்ணி வேணவே வேணாம். காயின் போட்டா கேன்ல தண்ணி புடிக்கற சுத்திகரிப்பு நிலையம் அக்கம்பக்கத்துல எங்க இருக்கு, நடந்து போற தூரமா, வாரத்துல எத்தனை நாள் ஓடுதுன்னு பாத்து வெச்சுக்கோங்க, குளிக்க துவைக்க மத்த தண்ணி. நீங்களே போர் இருக்கற இடம் வாங்கினீங்கன்னா ஒரு தடவை லேப்ல குடுத்து ஃப்ளோரைடு, ஆர்சனிக் ரெண்டும் டெஸ்ட் பண்ணுங்க, தண்ணில கரைஞ்ச உப்பு மொத்தத்தைக் காட்டற டிடிஎஸ் மீட்டரை மட்டும் வெச்சுப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொல்றதை நம்பாதீங்க, அதுல இது ரெண்டும் தெரியாது.

தண்ணி எந்த நாள் வருதுன்னு வீட்டுக்காரர் கிட்ட கேக்காதீங்க, பக்கத்து வீட்டு அம்மா கிட்ட கேளுங்க. நான் முதல் வீடு பாக்க வந்தப்ப வீட்டுக்காரர் தண்ணிக்கு பிரச்சனையே இல்லன்னாரு, எதிர் வீட்டு திண்ணைல கீரை ஆஞ்சுட்டு இருந்த ஆயா என்னைக் கூப்பிட்டு, "நைனா, எத்தினி டிரம் வெச்சிருக்க நீ?" ன்னு கேட்டுச்சு. "ஒண்ணு இருக்கு ஆயா"ன்னேன். "ஒண்ணு பத்தாது, மூணு வாங்கு, ஒண்ணு வெளிய வெச்சுடு, நீ வேலைக்குப் போயிட்டா நான் புடிச்சு வெக்கறேன்"னுச்சு. மூணு டிரம்னு சொன்னதுலயே எல்லா பதிலும் கிடைச்சுடுச்சு, அந்த ஆயாவுக்காகவே அந்தத் தெருவுல இருக்கலாம்னும் தோணுச்சு.

டாய்லெட் பத்தி யாரும் பேச மாட்டாங்க, நான் பேசறேன். பழைய லைன் வீட்ல டாய்லெட் கிடையாது, பொதுக் கழிப்பறைதான், 2000க்கு அப்புறமும் உலர் கழிப்பறை இருந்து மனுஷனை வெச்சு அள்ள வெச்ச ஊரு இது, நம்ம ஜனங்க பட்ட அவமானம் அது. அதனால வீட்டுக்குள்ள டாய்லெட் இருக்குன்னு சொன்னா அதோட நிறுத்தாம தண்ணி எங்க போகுதுன்னு கேளுங்க. செப்டிக் டேங்க் எங்க இருக்கு, லாரி பைப்பு அதுவரைக்கும் எட்டுமா, சந்து அகலம் போதுமா, இல்ல பின்னாடி சாக்கடையில திறந்து விட்டிருக்காங்களா. டேங்க் நிறைஞ்சா மெஷின் வண்டியைத்தான் கூப்பிடணும், ஆள் இறங்கி எடுக்கறேன்னு யாராவது வந்தா வேணாம்னு சொல்லுங்க, 2013 சட்டப்படி அது குத்தம், சட்டம் இருக்கட்டும், ஒரு மனுஷனோட உயிரு அது. லாரி எட்டாத வீடு எவ்ளோ சீப்பா கிடைச்சாலும் எடுக்காதீங்க.

கரண்ட் இப்ப பெஸ்காம்ங்கற அரசு மின்சாரக் கம்பெனி, உங்க வீட்டுக்குத் தனி மீட்டர் இருக்கான்னு மட்டும் பாருங்க, வாடகைக்காரங்களும் கர்நாடக அரசோட கிருஹ ஜோதி திட்டத்துல 200 யூனிட் வரைக்கும் இலவசத்துக்கு பதிவு பண்ணிக்கலாம். மொபைல் சிக்னல் வீட்டுக்கு உள்ள நின்னு பாருங்க, கனமான பழைய சுவரு இருக்கற வீட்ல வாசல்ல ஃபுல்லா காட்டும் உள்ள ஒண்ணும் இருக்காது. ஃபைபர் லைன் நிறைய இடத்துக்கு வந்துடுச்சு, ஆனா வீட்ல இருந்து வேலைன்னா அந்தத் தெருவுலயே யாராவது வெச்சிருக்காங்களான்னு கேட்டுட்டு வாங்க.

ஆஸ்பத்திரி விஷயத்துல மனசைத் தேத்திக்கணும். கம்பெனி ஆஸ்பத்திரி இருந்த காலத்துல சுத்துப்பட்டுல அது மாதிரி கிடையாது, நாங்கல்லாம் அங்கதான் பொறந்தோம், கம்பெனியோட அதுவும் போச்சு, கட்டடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மனசு கனக்கும். இப்ப காய்ச்சல், சின்னச் சின்ன வைத்தியத்துக்கு ராபர்ட்சன்பேட்டைல அரசு ஆஸ்பத்திரியும் தனியார் கிளினிக்கும் இருக்கு. பெரிய விஷயம்னா கோலார் போகணும், 30 கிலோமீட்டர், அங்க ஜில்லா ஆஸ்பத்திரியும் டமகால தேவராஜ் அர்ஸ் மெடிக்கல் காலேஜோட ஜாலப்பா ஆஸ்பத்திரியும் இருக்கு. நம்ம ஜனங்க பாதிப் பேரு வி.கோட்டை, பேர்ணாம்பட்டு, குடியாத்தம் வழியா வேலூருக்குத்தான் போவாங்க, பழக்கம், பாஷையும் சுலபம். ஹார்ட் பேஷண்ட், டயாலிசிஸ் ஆளு வீட்ல இருந்தா லைனுக்குள்ள வராம மெயின் ரோடு பக்கம் வீடு பாருங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் சந்துக்குள்ள திரும்ப முடியாம நிக்கறதை நான் பாத்திருக்கேன். குடிவந்த முதல் வாரமே நைட்ல வர்ற ஒரு ஆட்டோக்கார அண்ணன் நம்பர் வாங்கி கதவுக்குப் பின்னாடி எழுதி ஒட்டிடுங்க.

இந்த ஊரை இன்னைக்கு உயிரோட வெச்சிருக்கறது ரயிலுதான், இதை நான் அடிச்சு சொல்வேன். 1894ல தங்கத்துக்காக பங்காரப்பேட்டைல இருந்து மாரிகுப்பத்துக்கு 16 கிலோமீட்டர் போட்ட தண்டவாளம், இப்ப அதுல தங்கம் போகல, நம்ம பசங்க போறாங்க. விடியறதுக்கு முன்னாடி டிபன் பாக்ஸ் தூக்கிட்டு ஆயிரக்கணக்குல ஜனங்க பெங்களூர் போயி ராத்திரி திரும்புது, ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஒரு பக்கம். மாரிகுப்பம், சாம்பியன், ஊர்காம், கோரமண்டல்னு ஸ்டேஷன் வரிசையா இருக்கு, உக்காந்து போகணும்னா மாரிகுப்பத்துல ஏறணும், அதுதான் ஆரம்பம், அதனால தினம் போற ஆளுங்க வீடு அந்தப் பக்கம் பாக்கறது. சீசன் டிக்கெட் எடுத்துடுங்க. ஒரு வாரம் அந்த விடிகாலை வண்டில போய் வந்து பாருங்க, உடம்பு ஒத்துக்குதான்னு தெரிஞ்சுடும், ஒத்துக்கலன்னா வேலையை மாத்திட்டு வாங்க இல்லன்னா வராதீங்க, வாழ்நாள்ல தினம் அஞ்சு மணி நேரம் வண்டில போறது சாதாரணம் இல்ல. வண்டிக்குள்ள ஒரு குரூப் சேந்துடும், சீட்டு புடிச்சு வெப்பாங்க, பிறந்தநாள் கொண்டாடுவாங்க, வேலை காலி இருக்குன்னு சொல்றதும் அங்கதான். கார் வெச்சிருக்கறவங்களுக்கு சென்னை எக்ஸ்பிரஸ்வே ஹொஸ்கோட்டைல இருந்து பேத்தமங்கலம் வரைக்கும் திறந்ததுல இருந்து ரொம்ப சுலபமாயிடுச்சு. கர்நாடகா ஆதார் இருக்கற பெண்களுக்கு 2023 ஜூன்ல இருந்து சக்தி திட்டத்துல அரசு சாதா பஸ் ஃப்ரீ, அட்ரஸை சீக்கிரம் மாத்திடுங்க.

கடைகண்ணிக்கு கவலை இல்ல, தினசரி சாமான் லைன்லயே கிடைக்கும், காய்கறி கறி மீனுக்கு ராபர்ட்சன்பேட்டை எம்.ஜி. மார்க்கெட், அங்க போனா எல்லாம் முடிஞ்சுடும். பேங்க், போஸ்ட் ஆபீஸ் டவுன் பக்கமே வெச்சுக்கோங்க.

பசங்க படிப்பு யோசிச்சு செய்யணும். தமிழ்நாட்ல இருந்து வர்றவங்க இங்க எல்லாரும் தமிழ் பேசறாங்களேன்னு ஏமாந்துடக்கூடாது, ஸ்கூல்ல கன்னடம் கட்டாயம், ஆபீஸ்ல ஃபாரம் கன்னடத்துலதான். ஒண்ணாவது ரெண்டாவதுன்னா தானா வந்துடும், ஏழாவது எட்டாவதுல கூட்டிட்டு வந்தா அந்தப் புள்ள திணறும், வர்றதுக்கு ஆறு மாசம் முன்னாடியே எழுத்து கத்துக் குடுத்துடுங்க, நீங்களும் கத்துக்கோங்க. தமிழ்ல பேசறது வீட்லயும் தெருவுலயும் தானா நடக்கும், எழுதப் படிக்க நீங்கதான் உக்காத்தி வெச்சு சொல்லிக் குடுக்கணும், தமிழ் மீடியம் நம்ம காலம் மாதிரி இப்ப இல்ல. மேல இன்ஜினியரிங்னா ஊர்காம்லயே காலேஜ் இருக்கு, வெளிய அனுப்பணும்னு இல்ல.

மனுஷங்களைப் பத்தி சொல்லலன்னா இதெல்லாம் சொல்லி பிரயோஜனம் இல்ல. வட ஆற்காடு, சேலம், தர்மபுரின்னு பொழைக்க வந்த ஜனங்க கட்டின ஊரு இது, நூறு வருஷத்துக்கு முன்னாடியே அயோத்திதாசப் பண்டிதரோட சாக்கிய பௌத்த சங்கம் மாரிகுப்பத்துல இருந்துச்சு, சாம்பியன் ரீஃப்ல அச்சாபீஸ் வெச்சு புத்தகம் போட்டாங்க, மண்ணுக்கு அடியில வேலை செஞ்சுட்டு வந்து ராத்திரி உக்காந்து படிச்ச ஜனங்க. அந்தப் பழக்கம் இன்னும் இருக்கு, பெரியவங்க கிட்ட உக்காந்தீங்கன்னா மைன்ஸ்ல குடுத்த டிக்கெட் நம்பர்ல இருந்து பூமிக்கு அடியில எத்தனாவது லெவல்ல வேலை செஞ்சாங்கன்னு வரைக்கும் சொல்வாங்க, காது குடுத்துக் கேளுங்க. கிறிஸ்மஸ் வந்தா சாம்பியன் ரீஃப் பூரா நட்சத்திரமா இருக்கும், கோயில் திருவிழாவும் அதே அளவு, எந்த மதம்னு பாக்காம வரி வாங்குவாங்க, குடுத்துடுங்க, அதுல உங்க பேரு எழுதினதும்தான் லைன்ல நீங்க ஆளு. வீட்டுக்கு வீடு ஒரே சுவருங்கறதால டிவி சத்தம், சண்டை சத்தம் எல்லாம் கேக்கும், தனிமை வேணும்னு நினைக்கறவங்களுக்கு லைன் சரிவராது. ஆனா ராத்திரி உங்க வீட்ல யாராவது விடாம இருமினா காலைல எதிர்வீட்ல இருந்து மிளகு ரசம் வந்து நிக்கும்.

வர்ற மாதிரி முடிவு பண்ணிட்டீங்கன்னா ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கட்கிழமை காலைல மாரிகுப்பம் வண்டில திரும்பற மாதிரி பிளான் பண்ணுங்க, சொந்தக்காரங்க வீட்லயோ ராபர்ட்சன்பேட்டை லாட்ஜ்லயோ தங்கிக்கலாம். ஊரு 850 மீட்டர் உயரத்துல இருக்கு, மார்கழின்னா ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க. சனிக்கிழமை முனிசிபாலிட்டி ஆபீஸ் திறந்திருக்கான்னு கேட்டுட்டு காலைல முதல்ல அங்க போயி நீங்க பாத்திருக்கற வீட்டு நம்பருக்கு காத்தா இருக்கான்னு கேளுங்க, அப்புறம் தெருவுக்குப் போங்க, வீட்டை வெளிய இருந்து பாருங்க, மேடு எந்தப் பக்கம்னு பாருங்க, குழாயடில நிக்கற அக்காங்க கிட்ட கேளுங்க. பையில ஒரு காயினும் ஒரு கோலியும் ஒரு கருப்புத் துணியும் இருக்கட்டும். வீட்டுக்குள்ள போறது கடைசிலதான்.